ஹஸ்ரத் வலியின் ஊதா விதை

அந்தப் பையைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள் என் மனைவி ஸைபுதான். இரவல் வாங்கிய எதையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது அவள் கட்சி. அதனால் பைக்குள் நாலு அக்ரூட் கொட்டைகளையும் போட்டிருந்தாள்.

ஹஸ்ரத் வலி இறந்து அன்று எட்டாம் நாள். அவருடைய வீட்டம்மா கோஷ் பேகிம் மதினி அடுப்படியில் வெள்ளைத் துணி போர்த்து உட்கார்ந்திருந்தார். நான் என் ஆலையில் அரைத்த மாவு மூட்டையோடு வாசலில் நின்றேன். மதினி பையை வாங்கி, கொட்டைகளை மடியில் கொட்டி, பையின் வாயை வெளிப்பக்கமாகத் திருப்பினார். உள்மடிப்பில் ஒரு விரல்கடை நீளத்துக்குச் சிவப்பு நூல் தையல் இருந்தது.

"ஸைபு, இதுக்குள்ள இருந்தது எங்க?"

"அதான் மதினி, மூணாம் நாளு மேலூர்க்காரங்க துக்கத்துக்கு வந்தாங்கல்ல? உங்க வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாது. எங்க வீட்டுல டீயோட வெக்க ஒண்ணுமில்ல. உங்க உக்கிராணத்துலேர்ந்து நாலு பை எடுத்துட்டுப் போனேன். இதுல கஞ்சா வெதை இருந்துச்சா, கோதுமையோட சேத்து வறுத்துட்டேன்."

"வறுத்துட்டியா?"

"உப்புத் தண்ணி தெளிச்சுத்தான் வறுத்தேன். மொறுமொறுன்னு இருந்துச்சுன்னு எல்லாரும்..."

"வறுத்துட்டியாடி?"

இரண்டாம் தடவை மதினி கேட்டபோது சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது. ஸைபு என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாவு மூட்டை என் தோளிலிருந்து தானாக நழுவியது. வறுத்த அந்த விதையை நான் இரண்டு கை நிறையத் தின்றிருந்தேன். போதாதென்று, "இன்னும் கொஞ்சம் கொண்டா" என்றும் கேட்டிருந்தேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் கஞ்சா விதையை வறுத்துத் தின்பது ஒன்றும் புதிதில்லை. எல்லா வீட்டிலும் கஞ்சா உண்டு. வெங்காயம் போடுகிற மாதிரி போடுவோம். நாரை முறுக்கிக் கயிறாக்குவோம், விதையை வறுப்போம், செடியைக் காய வைத்து, கடுங்குளிர் வந்ததும் துணிமேல் தட்டித் தூள் எடுத்து, புகைக்கிற சரஸ் பிடிப்போம். எங்களுடையதெல்லாம் பச்சை. ஹஸ்ரத் வலியுடையது மட்டும் ஊதா.

பனியாற்றுக்குப் பக்கத்தில், ஒரு பாறைத்தோளுக்கு அப்பால், அவருக்குப் பன்னிரண்டு படிக்கட்டு வயல் உண்டு. கோடை முழுக்கப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. அவர் செடி கொஞ்சம் குட்டை, இலை கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். பிடிவாதக்காரச் செடி. தண்ணீர் வரவில்லை என்றாலும் நிற்கும், தலையில் பனி விழுந்தாலும் நிற்கும். ஆப்ரிகாட் இலை மஞ்சளாகி, கணவாயிலிருந்து குளிர்காற்று இறங்கிய நாலாம் நாள் ஆரம்பிக்கும். முதலில் இலை நரம்பு, அப்புறம் தண்டு, அப்புறம் பூ. ஒரு வாரத்தில் வயல் முழுக்க, பழுத்துக் கறுத்த மல்பெரியின் நிறத்துக்கு வந்துவிடும். பூவைக் கசக்கினால் விரலில் சாயம் ஒட்டும். பழம் வைத்திருந்த பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு வாசனை பாறைத்தோளைத் தாண்டி என் ஆலை வரைக்கும் வரும். ஊர்ச் சரஸ் குடித்தவன் பாடுவான், சண்டை போடுவான். ஹஸ்ரத் வலியின் சரஸ் குடித்தவன் செத்துப்போன தன் அப்பனை நினைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பான்.

தன் பாட்டனுக்கு அப்பன் கணவாய் தாண்டி வந்தபோது மேலங்கிக் கழுத்துப்பட்டியில் தைத்துக்கொண்டு வந்த விதை அது என்று சொல்வார். ஒரு குளிர்காலத்தில் அதே கதையைச் சொன்னபோது கழுத்துப்பட்டி, குதிரையின் காது ஆகிவிட்டது. "குதிரை தலைய ஆட்டிருக்காதா அண்ணே?" என்று கேட்டேன். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

யாருக்கும் ஒரு விதை கொடுத்ததில்லை அந்த மனுஷர். திருடவும் முடியாது. திருடியவனைச் செடியே காட்டிக் கொடுத்துவிடும். கோடையில் பச்சைக்குள் பச்சையாக ஒளிந்து நிற்கும், குளிர் வந்ததும் ஊதாவாகி நின்று, நான் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று ஊருக்கே சொல்லும். அப்படியும் அவருக்கு நம்பிக்கை இல்லை. அந்தந்த வருஷத்து விதையை, உக்கிராணத்தில் தொங்குகிற நாற்பது தீனிப் பைகளுக்கு நடுவே, அதே மாதிரி ஒரு பையில் போட்டு மாட்டிவிடுவார். எந்தப் பை என்று பெண்டாட்டிக்கும் சொல்லமாட்டார். விதைக்கிற அன்று உள்மடிப்பைத் திருப்பிச் சிவப்புத் தையலைக் காட்டும்போதுதான் மதினிக்கே தெரியும். திருடனுக்குத் தெரியக்கூடாது என்று செய்த சூழ்ச்சி. என் வீட்டுக்காரிக்கும் தெரியாமல் போய்விட்டது.

போன விதைப்புக்கு மிஞ்சிய பழைய விதை?  முளைக்காது என்று ஆட்டுக்குப் போட்டுவிடுவார். ஆக, உலகத்தில் இருந்தது அந்த ஒரு பை. அக்ரூட் துளிர்த்தால் விதைப்பு. துளிர்க்கப் பத்து நாள்தான் இருந்தது.

அன்றைக்கு ஸைபு சாப்பிடவில்லை. ஆலைக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"என் கையால, என் கையாலயே வறுத்தேனே. நாலு தலைமொறை சொத்த நாக்குல வெச்சு நக்கிட்டோமே! ஏங்க, உங்களுக்குக்கூடவா தின்னும்போது தெரியல?"

"வெதையில எங்கடி ஊதா இருக்கு? எல்லா வெதையும் ஒண்ணுதான்."

"ரெண்டாந்தரம் கேட்டு வாங்கித் தின்னீங்களே!"

"அதைச் சொல்லாத."

"மதினிக்கு யாரு இருக்கா? பையனும் நாளைக்கு மறுநாள் ஜீப்புல ஏறிப் போயிடுவான். வெதையாச்சும் இருந்தா அந்தப் பொம்பள மண்ணைப் பாத்துட்டு உக்காந்திருக்கும்."

பையன் என்றாளே, அவன் நாதிர். மதினிக்கு ஒரே மகன். எட்டு வருஷம் முன்னால், அவனுக்குப் பத்தொன்பது வயது இருக்கும், குளிர் வந்த நாலாம் நாள் பள்ளத்து வயல் வரப்பில் இரண்டு செடி ஊதாவாக நின்றது. அந்த வயல் புல்புல் என்ற பெண்ணின் அப்பாவுடையது. நாதிருக்கும் புல்புலுக்கும் பேச்சு இருந்தது ஊருக்கே தெரியும். ஹஸ்ரத் வலி போய் இரண்டு செடியையும் வேரோடு பிடுங்கி வந்து, மகனைக் கொட்டிலுக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். வெளியே வந்து ரொட்டிமேல் கை வைத்துச் சொன்னார்: "இந்த வீட்டு ரொட்டி இவனுக்கு ஆகாது." அவன் அன்றே போய்விட்டான். மதினி, "என் புள்ள திருட மாட்டான்" என்று தெருவில் நின்று கத்தினார். புல்புலை வேறு பள்ளத்தாக்கில் கட்டிக்கொடுத்தார்கள்.

இப்போது அப்பனின் பாடையைத் தூக்க வந்திருந்தான் நாதிர். தூக்கினான், மண் போட்டான். ஆனால் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. பாலத்தடி டீக்கடையில் தங்கி, காசு கொடுத்து ரொட்டி தின்றான். பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். ரொட்டிமேல் சொன்ன வாக்கைச் சொன்னவர்தான் அவிழ்க்க முடியும், அவரோ மண்ணுக்குள் போய்விட்டார். ஒரு வழிதான் உண்டு, குற்றமே பொய் என்று யாராவது நிரூபித்தால் வாக்கு வெறும் காற்று என்றார்கள்.

நிரூபிக்கக்கூடிய ஆள் ஊரில் ஒருவன் இருந்தான். நான்தான்.

ஒன்பது வருஷம் முன்னால் ஹஸ்ரத் வலி வீட்டில் தூள் தட்டப் போயிருந்தேன். எட்டுப் பேர் தட்டினோம். முடிந்து கிளம்பும்போது ஒவ்வொருவன் தொப்பி மடிப்பையும் அவர் பிரித்துப் பார்ப்பார், தாடியைக்கூட உதறச் சொல்வார். நான் ஒரு கன்னத்துக்கு இருபது விதை என்று வாய்க்குள் அடக்கிக்கொண்டேன். வாசலில், "நாளைக்கு வர்றியா துராப்?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன். "என்ன, வாயத் தொறக்க மாட்டேங்குற? பல்லு வலியா?" அதற்கும் ஆட்டினேன். உள்ளே போய் ஒரு கிராம்பு எடுத்து வந்து என் கையில் வைத்தார். அந்த மனுஷர் வாழ்நாளில் எனக்குச் சும்மா கொடுத்த ஒரே பொருள் அதுதான்.

ஆலைக்குப் பின்னால் கூரை விழுந்த பழைய அறை ஒன்று உண்டு. ஆள் உயரச் சுவர். அதற்குள் வருஷத்துக்கு நாலு செடி போட்டேன். ஏன் போட்டேன் என்று கேட்டால் ஆசைதான், வேறு காரணம் இல்லை. அந்த நிறம் என் வீட்டிலும் ஒரு நாள் வர வேண்டும் என்று இருந்தது. ஊர்ப் பச்சையின் ஆண்பூ மகரந்தம் சுவர் தாண்டி வந்து சிலது கலப்பாகும். குளிரிலும் பச்சையாகவே நின்றதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கறுத்ததில் மட்டும் விதை எடுப்பேன். என் ஆலையிலிருந்து விழுகிற தண்ணீர் நேராகப் பள்ளத்து வயலுக்குத்தான் போகிறது. அந்த இரண்டு செடியைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். என் விதைதான் தண்ணீரோடு போய் அங்கே முளைத்துவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. பையன் பழி சுமந்து போனான். இதை எழுதவே கூசுகிறது, ஆனாலும் அடுத்த வருஷமும் நாலு செடி போட்டேன்.

மறுநாள் காலையில் டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர். சுபேதார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம்.

"வாய்யா துராப், வெதை தின்ன வீரா!" என்றார். "ஹஸ்ரத் வலி பொல்லாத ஆளு. மண்ணுல போடாம நம்ம வயித்துல வெதைச்சுட்டுப் போயிருக்காரு. வர்ற குளிருக்கு யாரு யாரு ஊதாவாகுறோம்னு பாப்போம்."

சிரித்தார்கள். நாதிர் மூலையில் உப்புத் தேநீரில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டிருந்தான். எட்டு வருஷத்தில் முகம் அப்படியே அப்பன் முகமாகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வீட்டுக்கு வாடா, நாதிர். அம்மா ஒத்தையா இருக்கு."

"வாக்கு இருக்கே சித்தப்பா."

"பொய்யான பழிக்கு என்னடா வாக்கு?"

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். "அதெல்லாம் இருக்கட்டும், விடுங்க. வெதை அவ்வளவும் போயிடுச்சாமே, நெசமா?"

"நெசந்தான்."

"ஒண்ணுகூட இல்லியா?"

"ஒண்ணுகூட இல்ல."

"அப்பா செத்தது நேத்து வரைக்கும் எனக்கு ஒறைக்கல சித்தப்பா. இதக் கேட்டதும் ஒறைச்சிடுச்சு" என்றான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

ஆலைக்குப் போய் விதை டப்பாவை எடுத்தேன். நான் நல்லவனாகிவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். வழி முழுக்க ஒரு பொய்யை ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போனேன். விதையும் கொடுத்துவிட வேண்டும், மானமும் போகக் கூடாது.

"மதினி, வெதை கெடைச்சிருச்சு."

மதினி எழுந்தேவிட்டார். "எங்க?"

"அண்ணன் போன வருஷம் கோதுமை அரைக்க வந்தப்ப மறந்து வெச்சுட்டுப் போன டப்பா போல. மூலையில கெடந்துச்சு."

"அவரா, மறந்தா?" எட்டு நாளில் முதல் தடவையாக மதினி முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. "வெட்டிப் போட்ட நகத்தக்கூட எண்ணி எடுத்துட்டு வர்ற மனுஷன், தம்பி அவரு."

டப்பாவைத் திறந்து ஒரு பிடி உள்ளங்கையில் கொட்டினார். கூரைத் துவாரத்து வெளிச்சத்தில் காட்டினார். ஊதினார். கையிலிருந்து வெள்ளையாகப் புகை மாதிரி எழும்பியது. மாவு. ஒன்பது வருஷமாக ஆலையில் இருந்த டப்பா, நான் அதை யோசிக்கவே இல்லை.

"பெருசா இருக்கு" என்றார் மதினி மெதுவாக. "எங்க மேட்டு வெதை சின்னதா, ஒட்டிப்போயி இருக்கும். இது நல்லாத் தண்ணி குடிச்சு வளந்தது. யாரு வளத்தா?"

நான் டப்பாவின் மூடியைத் தேடிக் குனிந்தேன்.

"துராப், யாரு வளத்தான்னு கேக்குறேன்."

"நான்தான் மதினி."

"எத்தன வருஷமா?"

"ஒம்பது."

மதினி விரலை மடக்கவில்லை, கணக்குப் போடவில்லை. உள்ளங்கை சாய்ந்து, விதை இரண்டு மூன்று அடுப்புச் சாம்பலில் விழுந்தது. உடனே குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பொறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அப்ப, பள்ளத்து வயலு ரெண்டு செடி?"

"என் ஆலைத் தண்ணிதான் மதினி அங்க போகுது."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். விதையைப் போர்வை முனையில் முடிந்துகொண்டு, "நட" என்றார்.

"எங்க மதினி?"

"பாலத்துக்கு. நாளைக்கு ஜீப்பு வருது."

"நீங்க வெளிய வரக் கூடாதே! நாலு மாசம் பத்து நாளு துக்கம் முடியாம..."

"அத நான் ஆண்டவன்கிட்டச் சொல்லிக்கறேன். நீ சொல்ல வேண்டியத யோசிச்சுக்கிட்டே வா."

பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன். புருஷன் செத்து ஒன்பதாம் நாள் வெள்ளைப் போர்வையோடு ஒரு பெண் பட்டப்பகலில் தெருவில் நடப்பதை எங்கள் ஊர் பார்த்ததில்லை. கூரைமேல் தானியம் உலர்த்திய பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். வாய்க்காலில் துணி அலசிக்கொண்டிருந்தவள் கையை விட்டுவிட்டாள், சட்டை தண்ணீரோடு போனது. ஸைபு ஓடி வந்து, "என்னங்க ஆச்சு, என்னங்க ஆச்சு?" என்று என் கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டுப் போனேன்.

டீக்கடையில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள். மதினி நுழைந்ததும் எல்லோரும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். சுபேதார் கையில் கெண்டி சாய்ந்து தேநீர் தரையில் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அம்மா!" என்றான் நாதிர். "நீ எதுக்கு இங்க..."

"நீ பேசாதடா. இவன் பேசுவான்." என்னை முன்னால் தள்ளினார். "சொல்லு."

சொன்னேன். கன்னத்தில் அடக்கியது, பழைய அறை, ஆலைத் தண்ணீர், இரண்டு செடி, எல்லாவற்றையும் சொன்னேன். கிராம்பைக்கூடச் சொன்னேன்.

"அடப்பாவி!" என்றார் சுபேதார். "ஒரு குடும்பத்தையே ரெண்டாப் பொளந்துட்டு, எட்டு வருஷம் அவங்க மாவையே அரைச்சியேடா!"

மதினி யாரையும் கவனிக்கவில்லை. முகம் மலர்ந்துபோய் மகனைப் பார்த்தார். "கேட்டியா? எல்லாரும் கேட்டீங்களா? என் புள்ள திருடலன்னு அன்னைக்கே சொன்னேன். வாக்கு காத்தாப் போச்சு. வாடா வீட்டுக்கு. இந்தா வெதை. போயி உங்கப்பன் மண்ணுல போடு."

முடிச்சை நீட்டினார். நாதிர் வாங்கவில்லை. பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டான்.

"சித்தப்பா," என்றான், "நீங்க ஏன் இதப் போயி... அந்த ரெண்டு செடி உங்களுது இல்ல."

"தண்ணியில வந்தது நாதிர்..."

"தண்ணியில வரல. நான்தான் குடுத்தேன். புல்புல் கேட்டா, ஒரு பிடி குடுத்தேன். அவ விளையாட்டா வரப்புல ஊனிட்டா."

எட்டு வருஷம் நான் தூக்கிச் சுமந்த பாவம் என்னுடையதே இல்லையா? சந்தோஷம் வரவில்லை. யாரோ என் முதுகிலிருந்து மூட்டையை இறக்கி, அதாலேயே என்னை அடித்த மாதிரி இருந்தது. திருடன் திருடன்தான், அதில் மாற்றமில்லை.

மதினி நீட்டிய கையை மடக்கவில்லை. "பொய் சொல்லாதடா. இவனக் காப்பாத்த இப்படிச் சொல்றியா?"

"இல்லம்மா. கொட்டில்ல அப்பா கேட்டாரு. ஆமான்னு அன்னைக்கே ஒத்துக்கிட்டேன்."

"ஒத்துக்கிட்டியா? அவருகிட்டயா?"

"ஆமா."

"அப்ப அவருக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டா அத்தன வருஷமும்... என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடா!"

"நான்தாம்மா கால்ல விழுந்தேன். என்ன வேணா செய்ங்க, அம்மாகிட்ட மட்டும் நான் ஒத்துக்கிட்டதச் சொல்லிடாதீங்கன்னேன். அம்மா தாங்க மாட்டான்னேன். சரின்னாரு. அப்புறந்தான் வெளிய வந்து ரொட்டிமேல கை வெச்சாரு."

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார், கொட்டிய தேநீரிலேயே. போர்வை முனை அவிழ்ந்து விதை உருண்டது. யாரும் பொறுக்கவில்லை. நாதிர் தூக்கப் போனான், கையைத் தட்டிவிட்டார். எங்கள் எல்லோரையும் சுற்றிப் பார்த்தார், யாரோ அங்கே இருக்க வேண்டிய ஒருத்தரைத் தேடுகிற மாதிரி.

"எட்டு வருஷம்" என்றார். "பொய்ப் பழி போட்டாருன்னு எட்டு வருஷமா அவரு கையில நான் ரொட்டியக் குடுக்கல. அடுப்புக்கல்லு மேல வெச்சுட்டுத் திரும்பிக்குவேன். ஒரு நாளாச்சும் ஏன்டின்னு கேட்டாரா அந்த மனுஷன்? அவரே எந்திரிச்சு வந்து எடுத்துத் தின்னுட்டுப் போவாரு."